கீறல் விழாத டேங்க்

என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு." எது தலைப்பாகை என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. என் முதுகெலும்பா, இரண்டு குதிகாலா, இல்லை மல்லாந்து கிடந்தே கழிந்த அந்த ஆறு வாரமா? வந்தவர்கள் கையில் ஆரஞ்சுப் பழம் இருந்தது, அதனால் அப்போது பேசாமல் இருந்தேன். இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரேயடியாக இருபது நிமிஷத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் இருபது இருபது நிமிஷமாக இதை எழுதுகிறேன். கூரைமேல் வேலை செய்கிற நாலு பேராவது படிக்க வேண்டும். வேலை வாங்குகிறவர்கள் படித்தாலும் நல்லதுதான், ஆனால் அவர்களுக்கு நேரம் ஏது.

என் பெயர் தனபால். பெங்களூர் நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவன். பதினைந்து வருஷம் பிளம்பர் வேலை. பெங்களூரில் புது வீடு கட்டுகிறவர்களுக்கெல்லாம் சோலார் வாட்டர் ஹீட்டர் ஆசை பிடித்த சமயத்தில் நானும் அந்த வேலைக்கு மாறினேன். மாடியில் இரண்டு கண்ணாடிப் பேனல், இரும்பு ஸ்டாண்டு, மேலே இருநூறு லிட்டர் டேங்க். வெயில் பட்டால் தண்ணீர் சுடும், கரண்ட் பில் குறையும். பைப் வேலை எனக்குத் தண்ணி பட்ட பாடு. கூரைமேல் ஏறுவதும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

விழுந்தது காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டில். முன்பக்கம் மங்களூர் ஓட்டுக் கூரை, பின்பக்கம் கொஞ்சம் மொட்டை மாடி. டேங்க் போக வேண்டியது பின்பக்கம். ஆனால் பின்சந்தில் ஒரு சைக்கிள்கூட நுழையாது. அதனால் முன்பக்கமாக, ஓட்டின்மேல் இரண்டு மூங்கில் போட்டு, கயிற்றில் இழுத்து ஏற்றினோம். பாஷாவும் இன்னும் இரண்டு பேரும் மொட்டை மாடியில் நின்று இழுத்தார்கள். பாஷா என்னோடு ஆறு வருஷமாக வேலை செய்கிறவன், எங்கள் தெருதான். நான் ஓட்டின்மேல் நின்று டேங்க் எதிலும் முட்டாமல் பார்த்துக்கொண்டேன். காலையில் தூறல் போட்டிருந்தது. ஓட்டில் பாசி இருந்தது. ஓட்டுக்கு அடியில் தாங்குகிற கைமரம் ஓடுகிற இடமாகப் பார்த்துத்தான் காலை வைத்தேன். ஒரு தடவை பார்க்காமல் வைத்தேன்.

ஓடு உடைந்தது. சறுக்கினேன். பிடிக்க ஒன்றும் இல்லை. நேராகக் குதிகாலில் இறங்கினேன், சிமெண்டுத் தரையில்.

கீழே கிடந்தபடி மேலே பார்த்தேன். டேங்க் பாதிக் கூரையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் இடுப்பைச் சுற்றி நீல நிற பெல்ட். மேலே ஏறுகிற ஆளுக்கென்று எங்கள் கம்பெனி வாங்கிய பாதுகாப்பு பெல்ட். பாஷா கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்து நின்றான். அவனால் வர முடியாது. கையை விட்டால் டேங்க் என்மேல் வந்து விழும். ஆக, மூன்று பேரும் டேங்கை மேலே ஏற்றி, ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டுத்தான் என்னிடம் இறங்கி வந்தார்கள். அதற்குள் எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த வரிசை என் மனசை விட்டுப் போகவே இல்லை. முதலில் டேங்க், பிறகு நான்.

பெல்ட் டேங்கின் இடுப்பில் எப்படிப் போனது என்பதைப் பின்னால் சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

அடுத்த தப்பையும் நாங்களே செய்தோம். என்னைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் அதைக் கேட்டதும் பாஷாவைப் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கினார். உயரத்திலிருந்து குதிகாலில் விழுந்தவனுக்கு அடி காலோடு நிற்காதாம். அந்த வேகம் கால் எலும்பு வழியாக ஏறி முதுகெலும்பில் போய் இடிக்கும். அப்படிப்பட்டவனை மடக்கவே கூடாது, கதவுப் பலகையையாவது கழற்றி அதில் நேராகப் படுக்க வைத்துக் கொண்டுவர வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

டாக்டர் ஒரு ஊசியை எடுத்து என் பாதத்தில் குத்தினார். "தெரியுதா?" கட்டைவிரல், புறங்கால், முழங்கால். சில இடத்தில் தெரிந்தது, சில இடத்தில் துணிமேல் தொட்டதுபோல் இருந்தது. பிறகு கையுறை போட்டு ஆசனவாயில் விரலை விட்டு, "இறுக்கு, இறுக்கு" என்றார். முப்பத்தாறு வயதில் நாலு பேர் முன்னால் அது நடந்தது. மானம் போகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். "இறுக்க முடியுதுல்ல, சந்தோஷப்படு. நரம்பு முழுசா போகல," என்றார். வலியும் அவமானமும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எக்ஸ்ரே, பிறகு ஆம்புலன்சில் வெளியே கொண்டுபோய் ஸ்கேன். வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்து காத்திருந்ததில் ஒரு பகல் போனது. முடிவு இதுதான். இடுப்புக்குச் சற்று மேலே உள்ள ஒரு முதுகெலும்பு, மிதிபட்ட தீப்பெட்டிபோல நசுங்கியிருந்தது. ஒரு சில்லு பின்னால் தள்ளி நரம்புத் தண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு குதிகாலும் உடைந்திருந்தன. சில்லு இன்னும் தள்ளினால் ஆபரேஷன், தள்ளாவிட்டால் ஆறு வாரம் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். சிறுநீர் தானாக வராததால் குழாய் போட்டார்கள். "மறுபடி நடப்பேனா சார்?" என்று கேட்டேன். "இப்ப சொல்ல முடியாது," என்றார். பொய் சொல்லாத டாக்டர்மேல் அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல.

புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பார்கள். தோள், இடுப்பு, கால் மூன்றும் ஒன்றாகத் திரும்ப வேண்டும், முறுக்கக் கூடாது. நாலு பேர் வேண்டும். மரக்கட்டை உருட்டுகிற மாதிரிதான். ஆள் பற்றாத நேரத்தில் என் மனைவி விஜயா, பக்கத்துக் கட்டில்காரரின் மருமகன், கூட்டுகிற அம்மா, சிஸ்டர் என்று நாலு பேர் சேருவார்கள். விஜயா கார்மெண்ட்ஸில் தையல் வேலை செய்கிறவள். சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக்கொண்டாள். ரசத்தை ஸ்பூனில் ஊட்டும்போது, சிந்தினால் கழுத்துக்குப் பின்னால் போகாமல் இருக்கத் துணி மடித்து வைப்பாள். அதற்கெல்லாம் நன்றி சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "வாயைத் தொற, ஆறிடும்," என்பாள்.

மூன்றாம் நாள் முதலாளி வந்தார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். நல்லா பேசுவார், குரல் உயர்த்தவே மாட்டார். என் தலைமாட்டில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படாத தனபால், நான் இருக்கேன்ல. டேங்க்குக்கு ஒண்ணும் ஆகல. ஒரு கீறல்கூட இல்ல. மறுநாளே கனெக்ஷன் கொடுத்துட்டோம்," என்றார்.

ஆறுதலுக்குச் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் கெட்ட மனசோடு சொல்லியிருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். எனக்கும் அதைக் கேட்டதும் ஒரு வினாடி நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த ஒரு வினாடிக்காக இன்றுவரை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் ராமய்யா. ஒக்கலிபுரத்துக்காரர், குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு உடைந்து வந்தவர். மூடிப்போன ஒரு மில்லில் இருபது வருஷம் சங்க வேலை பார்த்தவர். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். அவர் கண் எப்போதும் விஜயா வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு கொண்டுவருகிற எவர்சில்வர் கேரியர்மேலேயே இருக்கும். அதில் என் பெயரும், ஆயுத பூஜை என்றும், கம்பெனி பெயரும் வெட்டியிருக்கும்.

"கம்பெனி கொடுத்ததா? எல்லார்க்கும் கொடுத்தாங்களா?" என்று ஒருநாள் கேட்டார்.

"எனக்கு மட்டும்தான்."

"யாக்கே? ஏன்?"

நான் பேச்சை மாற்றினேன். இரண்டு வாரம் மாற்றிக்கொண்டே இருந்தேன்.

நாலாவது வாரம் இரண்டு நல்லது நடந்தது. இரண்டாவது ஸ்கேனில் சில்லு நகரவில்லை, ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். குழாயை எடுத்ததும் சிறுநீர் தானாக வந்தது. விஜயா போய் மிட்டாய் வாங்கிவந்து வார்டு முழுக்கக் கொடுத்தாள். மூத்திரம் போனதற்கு மிட்டாய் கொடுப்பது உலகத்தில் அந்த வார்டில் மட்டும்தான் நடக்கும். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் அதன் அருமை தெரியும்.

அன்றைக்கு மறுநாள் முதலாளி ஒரு தாளோடு வந்தார். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. "சும்மா ஃபார்மாலிட்டி தனபால். இன்சூரன்சுக்குக் கேக்குறாங்க. வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன். நீ எந்திரிச்சதும் குடவுன்ல உக்கார்ந்து பாக்குற மாதிரி ஒரு வேலை போட்டுத் தர்றேன்." போகும்போது விஜயாவிடம், "பார்த்துக்கம்மா," என்றார்.

ராமய்யா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தார். படித்து முடித்து மடித்தார். "சைன் ஹாக்க பேடா," என்றார். கையெழுத்துப் போடாதே.

தாளில் இருந்தது இவ்வளவுதான். பாதுகாப்பு பெல்ட் எனக்குக் கொடுக்கப்பட்டது. அணியும்படி சொல்லப்பட்டது. நான் வேண்டுமென்றே அணியவில்லை.

"இந்த 'வேண்டுமென்றே' இருக்கே, அதுலதான் எல்லாம் இருக்கு," என்றார் ராமய்யா. "வேலை செய்றப்ப அடிபட்டா நஷ்ட ஈடு தரணும்னு சட்டம் இருக்கு. ஆனா தொழிலாளி வேணும்னே சேஃப்டி சாமானைத் தூக்கிப் போட்டான்னு ஆச்சுன்னா, அப்புறம் லேபர் ஆபீஸ்ல உன் கேஸ் நிக்காது. நீயே சைன் போட்டுக் கொடுத்துட்டா யார் என்ன பண்ண முடியும்?"

விஜயாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப பெல்ட்டே கொடுக்கலன்னு சொல்லிடலாம். பாஷா அண்ணன் சாட்சி சொல்லட்டும்."

சாயங்காலம் பாஷா வந்தான். அவனிடமும் சாட்சிக் கையெழுத்து கேட்டிருந்தார்கள். டேங்கைப் பிடித்திருந்ததில் கயிறு அறுத்த உள்ளங்கை இரண்டையும் காட்டினான். தோல் இன்னும் சரியாக மூடவில்லை. "கை புண்ணா இருக்கு, பேனா பிடிக்க வராதுன்னு சொல்லிட்டேன்," என்றான். "ஆனா பொய் நக்கோ அண்ணே, வேணாம். பெல்ட் கொடுக்கலன்னு நான் எப்படிச் சொல்றது? ரிஜிஸ்டர்ல உன் கையெழுத்து இருக்கே."

இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளம் வாங்குகிற மேஜையிலேயே இன்னொரு நோட்டு இருக்கும். பெல்ட் சோதிக்கப்பட்டது, ஹெல்மெட் சோதிக்கப்பட்டது, விபத்து இல்லை. வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். ஒருநாள்கூட ஒருவனும் பெல்ட்டைச் சோதித்துப் பார்த்ததில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் பாதுகாப்பு முழுக்க அந்த ஏட்டில்தான் இருந்தது.

அப்போதுதான் கேரியர் கதையைச் சொன்னேன். மூன்று பேரும் கேட்டார்கள், பாஷாவுக்கு மட்டும் ஏற்கெனவே தெரியும்.

பெல்ட் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். ஒரு பெரிய அபார்ட்மெண்ட் கட்டுகிறவர்கள், பெல்ட் இல்லாமல் ஆளை மேலே விட மாட்டோம் என்றார்கள். முதலாளி ஒன்றே ஒன்று வாங்கினார். அந்த வேலை முடிந்ததும் அது வேனில் சும்மா கிடந்தது. அந்தச் சமயத்தில் டேங்க் தொல்லை பெரிய தொல்லை. தேங்காய்நார்க் கயிறு போட்டு இழுத்தால் மேலே உள்ள பளபளப்பான தகட்டில் கீறல் விழும். வீட்டுக்காரருக்குத் தண்ணீர் சுடுகிறதா என்பது இரண்டு நாள் கழித்துத் தெரியும், கீறல் அந்த நிமிஷமே தெரியும். டேங்க் திரும்பிப் போகும், எங்களுக்குத் திட்டு விழும். ஒருநாள் எனக்கு மூளை வேலை செய்தது. பெல்ட்டின் நாடா அகலம், மெத்தென்று இருக்கும், உறுதியான கொக்கியும் உண்டு. டேங்கின் இடுப்பில் கட்டி இழுத்துப் பார்த்தோம். ஒரு கோடுகூட விழவில்லை. அன்றிலிருந்து எங்கள் வேனில் அதற்குப் பெயர் டேங்க் பெல்ட். முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு, "தனபால் மாதிரி யோசிக்கணும்," என்றார். ஆயுத பூஜைக்கு மற்றவர்களுக்குப் பொரியும் கடலையும், எனக்குப் பொரியும் கடலையும் கேரியரும்.

"அதுலதான் எனக்கு தினம் ரசம் வருது," என்று முடித்தேன்.

விஜயா கேரியரைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக அதை வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேய்த்தவள் அவள்.

"நான்தான் ஐயா காரணம்," என்றேன் ராமய்யாவிடம். "இதைச் சொன்னா, வேணும்னேதானே பண்ணினேன்னு ஆகாதா?"

ராமய்யா, "நீ முட்டாள்தான், அதுல சந்தேகம் இல்ல," என்றார். "ஆனா முட்டாள்தனம் வேற, வேணும்னே பண்றது வேற. நீ பண்ணினதைப் பார்த்துட்டுச் சும்மா இருந்தது யாரு? மெச்சி கேரியர் கொடுத்தது யாரு? அந்தத் தாள்ல அது எங்க இருக்கு? நிஜத்தைச் சொல்லு. கேஸ் ஜெயிக்குமான்னு எனக்குத் தெரியாது. ஆனா நிஜத்தை யாராலயும் குறுக்குக் கேள்வி கேட்டு உடைக்க முடியாது."

இரண்டு நாள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஆத்திரம்தான் கூடியது. அந்தக் காக்ஸ் டவுன் கூரையை மனசுக்குள் எத்தனை தடவை ஏறியிருப்பேன். முகட்டுக்கு மேலாக ஒரு கயிற்றை அந்தப் பக்கம் போட்டு, பின்மாடித் தூணில் கட்டி, என் இடுப்பு பெல்ட்டின் கொக்கியை அதில் மாட்டியிருந்தால் போதும். ஓடு உடைந்திருக்கும், நான் சறுக்கியிருப்பேன், இரண்டு முழம் போய்த் தொங்கியிருப்பேன். முழங்கை சிராய்த்திருக்கும். பத்து நிமிஷ வேலை. பாஷா வந்தபோது அவனிடமும் இதையே சொன்னேன். பெல்ட் மட்டும் இருந்தால் போதாது, அதை மாட்ட ஓர் இடமும் வேண்டும் என்பதை எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது சோலார் வேலை செய்கிறவனுக்கென்றே சொல்லி வைத்ததுபோல் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் விஜயாவிடம் தாளைக் கொடுத்தேன். படுத்துக்கொண்டு எழுதினால் பேனாவில் மை இறங்காது. நான் சொல்லச் சொல்ல டைப் அடித்ததற்குக் கீழே தமிழில் எழுதினாள்.

பெல்ட் கொடுத்தது உண்மை. அதை டேங்கில் கட்டியது என் யோசனை. இரண்டு வருஷமாக எல்லா வேலையிலும் அப்படித்தான் கட்டினோம். முதலாளி பார்த்திருக்கிறார், பரிசும் கொடுத்தார். விழுந்த அன்றும் பெல்ட் டேங்கில்தான் இருந்தது. டேங்க்குக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று முதலாளியே என்னிடம் சொன்னார்.

பொய் சொல்லலாம் என்றவள்தான் அதை எழுதினாள். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

பதினோரு மணிக்கு முதலாளி வந்தார். நின்றபடியே படித்தார். இரண்டாவது தடவை உட்கார்ந்து படித்தார். "எதுக்கு தனபால் இதெல்லாம்? இதுல உன்னையே நீ மாட்டிக்கிறியே," என்றார். அப்போதும் குரல் உயரவில்லை.

"ஆமா சார். ரெண்டு பேரும்தான் மாட்டிக்குவோம்."

அவர் தாளை மடித்துப் பையில் வைக்கப் போனார். விஜயா கையை நீட்டினாள். "அது எங்களுது சார்." வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. ராமய்யா கட்டிலில் பாதி எழுந்து உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவே கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். முதலாளி தாளை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார். குடவுன் வேலையும் அவரோடு போனது.

அன்று சாயங்காலம் பாஷா வந்து தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டான். "கை ஆறிடுச்சு," என்று சொல்லி, சாட்சி என்று கீழே கையெழுத்துப் போட்டான். அவனுக்கு மூன்று பிள்ளைகள், அந்த வேலையை விட்டால் வேறு இல்லை. அதெல்லாம் தெரிந்தே போட்டான். சாட்சியை வேலையிலிருந்து நிறுத்தினால் கேஸில் இன்னும் மாட்டிக்கொள்வோம் என்று முதலாளி அவனை விட்டுவைத்திருக்கிறார். தாள் இப்போது லேபர் ஆபீஸில் இருக்கிறது. கேஸ் நடக்கிறது, நம் ஊரில் கேஸ் எப்படி நடக்குமோ அப்படி.

ஆறு வாரம் முடிந்து, தோளிலிருந்து இடுப்புவரை கம்பியும் தோலும் வைத்த கவசம் ஒன்றைக் கட்டி என்னை நிற்க வைத்தார்கள். உலகம் சுற்றியது, வேர்த்துக் கொட்டியது, பன்னிரண்டு வினாடி நின்றேன். விஜயா எண்ணினாள். அங்கிருந்து இரண்டு தடி, பிறகு ஒரு தடி. குதிகால் இன்றும் காலையில் முதல் அடியில் கத்துகிறது. ஏணி ஏறுகிற வேலை இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன வாரம் எங்கள் தெருமுனை டெலிபோன் பூத்துக்காரர் ஆள் அனுப்பினார். பாஷா லைனில் இருக்கிறானாம். பூத் இருநூறு அடி இருக்கும். வீடு வந்ததிலிருந்து அவ்வளவு தூரம் நடந்ததில்லை. ஒரு தடியோடு போனேன், நடுவில் மளிகைக் கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாஷா அதற்குள் இரண்டு தடவை திரும்பக் கூப்பிட்டிருக்கிறான்.

"அண்ணே, இன்னிக்கு டேங்க் ஏத்தினோம். ஓட்டுக் கூரைதான்," என்றான். மூச்சு வாங்கியது அவனுக்கு. "பெல்ட்டை டேங்குக்குக் கட்டுன்னாரு மொதலாளி. நான் கழட்டலண்ணே. என் இடுப்புலயே இருந்துச்சு. கயிறு முகட்டுக்கு அந்தப் பக்கம் கட்டினேன், நீ சொன்ன மாதிரி."

"டேங்க்?"

"நார்க் கயிறு போட்டு இழுத்தோம். கீறல் விழுந்துடுச்சு. வீட்டம்மா ஒரே சத்தம், திருப்பி எடுத்துட்டுப் போங்கறாங்க."

"எவ்வளவு நீளம்?"

"ஒரு முழம் இருக்கும் அண்ணே. ஆழமாவே."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கவசத்துக்குள் முதுகு வலிக்கும். வலிக்க வலிக்கச் சிரித்தேன். பூத்துக்காரர், ஏதோ நல்ல சேதியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.